தூங்காத கால்கள்

பேண்ட் நைஃப் என்று ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் சொல்லப்படும் இயந்திரத்தை முதல்முறை பார்ப்பவர்கள், அது நின்றுகொண்டிருக்கிறது என்றே நினைப்பார்கள். மேசையின் நடுவே ஒரு சிறு துளை. அதன் வழியாக மேலிருந்து கீழாக இறங்கும் மெல்லிய எஃகுப் பட்டை. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். உண்மையில் அந்தப் பட்டைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. வளையமாக ஒட்டப்பட்டு, மேலும் கீழும் மறைந்திருக்கும் சக்கரங்களைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரே சீராக ஓடுவதால் அசைவது தெரிவதில்லை. மற்ற வெட்டும் இயந்திரங்களைத் துணி இருக்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இது நேர்மாறு. கத்தி தன் இடத்தை விட்டு நகராது. அடுக்கடுக்காக விரித்துக் கவ்வி போட்ட துணிக் கட்டை நாம்தான் இரு கைகளாலும் திருப்பித் திருப்பி அதனிடம் கொண்டுபோக வேண்டும். அப்படிக் கொண்டுபோகும் கைகளுக்கும் கத்திக்கும் நடுவில் இருப்பது எஃகு வளையங்களால் பின்னிய ஒரு கையுறையும், வெட்டுபவரின் கவனமும்தான்.

ஓர் ஆடைத் தொழிற்சாலையின் வெட்டும் கூடத்தில், அந்த மேசையில் நின்று வெட்டத் தெரிந்த ஒரே பெண்ணுக்கு நேர்கோடு என்று பட்டப்பெயர். அவள் வெட்டுவதெல்லாம் கழுத்துப்பட்டி, கைப்பட்டி, பாக்கெட் மூடி என்று வளைவுகள்தான். அப்படியிருக்க அந்தப் பெயரை வைத்தவள் வானொலி. துணி விரிக்கும் மேசையில் வேலை செய்யும் அவளுக்கு வானொலி என்று ஏன் பெயர் வந்தது என்பதை அவளோடு கொஞ்ச நேரம் நின்றாலே தெரிந்துகொள்ளலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருநாள், நேர்கோடு கழுத்துப்பட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. அதை அவள் பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டாள். துணிமேல் வரைந்த அச்சுக்கோடு வலப்பக்கம் வளைகிறது என்பதைப் பார்த்தாள். அடுத்து அவள் பார்த்தபோது கத்தி கோட்டை விட்டு வெளியே வந்து, துணியைக் கிழித்துக்கொண்டு, கையுறைக்குப் பக்கத்தில் இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்பது அவளிடம் இல்லை. தூக்கம் போதாத மூளை, கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் கடையைச் சாத்திவிட்டுத் திறக்கும். வெளியே இருப்பவருக்கும் தெரியாது, உள்ளே இருப்பவருக்கும் தெரியாது.

மேல் அடுக்கில் கோணினால் அடியில் உள்ள அத்தனை அடுக்கும் கோணும். கூடத்தின் பொறுப்பாளரான மாஸ்டர் வந்து துணிக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு கழுத்துப்பட்டியிலும் எலி கடித்ததுபோல் ஒரே இடத்தில் ஒரே பள்ளம்.

"துணி போனா போகட்டும்," என்றார். "இது என்ன?" கையுறையைத் தொட்டுக் காட்டினார். சுண்டுவிரல் பக்கம் ஒரு வளையம் பளபளவென்று தேய்ந்திருந்தது. "உரசிட்டுப் போயிருக்கு."

"கொஞ்சம் அசந்துட்டேன் மாஸ்டர்."

"இன்னொரு தடவை அசந்தா நூல் நறுக்குற மேசைக்குப் போயிடு. அங்க தூங்கினா கத்திரிக்கோல்தான் கீழ விழும்."

நூல் நறுக்குவது என்றால், தைத்து முடித்த சட்டைகளில் துருத்தி நிற்கும் நூல் நுனிகளை நறுக்குவது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குத் தரப்படும் வேலை. அங்கிருந்து இந்த மேசைக்கு வர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஆண்கள் மட்டுமே நின்ற மேசை அது. "கையும் போகும், கதையும் முடியும்" என்று பயமுறுத்தியவர்களை எல்லாம் தாண்டி வந்தவள். இப்போது கையும் மேசையும் இரண்டுமே அவளுடைய தூக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

தூக்கமோ ஊரெல்லாம் நின்று நின்று போகும் பேருந்து மாதிரி ஆகிவிட்டிருந்தது. படுப்பாள், புரள்வாள், ஒருவழியாகக் கண் அயரும். விழிப்பு வரும். தண்ணீர் குடிப்பாள். மறுபடி கண் அயரும். மறுபடி விழிப்பு. பாத்ரூம் வரை போய்வருவாள். விடிவதற்குச் சற்று முன்புதான் நல்ல தூக்கம் வரும், அதற்குள் அலாரம் அடித்துவிடும்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் பேசமாட்டார்.

"தூங்கும்போது எல்லாருமே மாடி மாடியா கீழ இறங்குறாங்க, மறுபடி மேல வர்றாங்க," என்று அவளுக்கு விளக்கினார். "ராத்திரி பூரா இப்படி நாலஞ்சு தடவை. மேல வரும்போது எல்லாருக்கும் லேசா முழிப்பு தட்டும். ஆனா கதவு திறக்காது. அப்படியே மறுபடி கீழ இறங்கிடுவாங்க. காலைல கேட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்னு சொல்லுவாங்க. உனக்குக் கதவு திறக்குது."

"யார் திறக்குறா?"

"அதான் பாக்கணும். லிஃப்ட் சும்மா எந்த மாடியிலயும் நிக்காது. யாரோ பட்டன அழுத்திருக்காங்க."

பட்டனை அழுத்துவது யார் என்று தேடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் நின்று நின்று ஓடும்போது வரும் உறுமலைக் குறைக்க அடியில் ரப்பர் வைத்தார். பாத்ரூம் குழாயின் வாஷரை மாற்றினார். தெருவிளக்கின் வெளிச்சம் திரைச்சீலையின் ஓரத்தில் கோடு போட்டது, அதை அடைத்தார். கட்டிலின் திருகுகளை எல்லாம் இறுக்கினார். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குறைவாகக் குடி, அப்போது பாத்ரூம் போகத் தேவையிருக்காது என்றார். அதையும் செய்தாள். இதெல்லாம் அசட்டு வேலைகள் அல்ல. சத்தம், வெளிச்சம், புழுக்கம், நிறைந்த சிறுநீர்ப்பை என்று ஒவ்வொன்றும் ஒருவரை எழுப்பக்கூடியதுதான். எத்தனையோ வீடுகளில் குழாய் வாஷரே குற்றவாளியாக இருக்கும். இந்த வீட்டில் வீடு மட்டும் சத்தமில்லாமல் ஆனது. அவளுக்குத் தண்ணீர்த் தாகத்தோடு முழிப்பு வந்தது.

கொஞ்ச நாளில் கணவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். படுக்கையறை மின்விசிறி கிறீச்சிடுகிறதாம்.

"ஊர் லிஃப்டையெல்லாம் சரி பண்றீங்க, ஒரு ஃபேன சரி பண்ண முடியலையா?"

"பண்றேன் பண்றேன்," என்றார். பண்ணவில்லை.

அடுத்த யோசனை வானொலியிடமிருந்து வந்தது. "அக்கா, சளிக்கு ஒரு மாத்திரை இருக்குல்ல, போட்டா கண்ணு சொருகுமே, அத ராத்திரி ஒண்ணு போட்டுப் பாருங்க. எங்க மாமா அதப் போட்டுட்டு, பொண்ணு பார்க்கப் போன வீட்டுல சோபாவுலயே தூங்கிட்டாரு."

"பொண்ணு கெடச்சுதா?"

"கெடச்சுது. அத்தை இன்னைக்கும் அதச் சொல்லியே திட்டும்."

மாத்திரை போட்டால் சீக்கிரம் தூக்கம் வந்தது. ஆனால் காலையில் எழும்போது அடித்துத் துவைத்ததுபோல் உடம்பு இருந்தது. அதைச் சமாளிக்க ஃபிளாஸ்க் நிறையக் கடுந்தேநீர் கொண்டுபோனாள். காலை உணவோடு ஒரு தம்ளர், வேலைக்கு நடுவே இன்னொன்று, மதியச் சாப்பாட்டோடு ஒன்று, கண் சொருகும் பிற்பகலில் மறுபடி. தேநீர் அவளை மேசையருகே நிறுத்தி வைத்தது. மாஸ்டர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கண்களை அகல விரித்துக்கொண்டாள். ஓடும் கத்தியைப் பார்க்கப் பார்க்க அது நிற்பதுபோல் தெரிந்தது. நிற்கவில்லை, நிற்கவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வெட்டினாள்.

கணவரின் தங்கை வேலை மாற்றத்தின் காரணமாக அவர்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். ஹாலில் அண்ணன் படுத்திருந்ததால், அண்ணியோடு படுக்கையறையில் படுத்தாள். மூன்றாம் நாள் காலை, சாப்பாட்டு மேசைக்கு நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கலாமா? மனசுல எதையும் வச்சுக்காம சொல்லுங்க. நான் வந்தது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"ஏன் இப்படிக் கேக்குற?"

நாத்தனார் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். கெண்டைக்காலில் நீலம் பாரித்திருந்தது. "நல்லாத் தூங்கிட்டே இருக்கீங்க. திடீர்னு ஒரு உதை. கொஞ்ச நேரம் சும்மா. மறுபடி ஒரு உதை. கட்டை விரல் விறைக்குது, பாதம் மேல வருது, முட்டி மடங்குது, டக்குனு ஒரு வெட்டு. நானும் எண்ணிப் பார்த்தேன், சலிச்சுப் போய் விட்டுட்டேன். கடிகாரத்துல முள்ளு நகர்ற மாதிரி அப்படி ஒரு ஒழுங்கு."

நேர்கோடு கணவரைப் பார்த்தாள். அவர் ரொட்டித் துண்டை அளவுக்கு மீறிக் கவனமாக மென்றுகொண்டிருந்தார்.

"அண்ணா," என்றாள் தங்கை. "ஃபேன் கிறீச்சிடவே இல்லையே. நான் மூணு நாளா அதுக்குக் கீழதான படுக்குறேன்."

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் நேர்கோடு.

"ஏற்கெனவே தூக்கம் வரலேன்னு பயந்து கெடக்க. இதுல நீ உதைக்கிறேன்னு வேற சொன்னா..."

"பட்டன அழுத்துறது யாருன்னு வீடு பூராத் தேடினீங்க. குழாயக் கழட்டினீங்க. அது என் கால்ல இருக்குன்னு தெரிஞ்சும் ஹால்ல போய்ப் படுத்துக்கிட்டீங்க."

"அதுதான் பட்டன்னு தெரியல. முழிச்சுட்டுப் புரளுறதால உதைக்கிறன்னுதான் நெனச்சேன். உதைக்கிறதாலதான் முழிக்கிறன்னு தோணவே இல்ல."

உண்மையாகவே தோன்றவில்லை. எது முதலில், எது பின்னால் என்று கோளாறில் பிரித்துப் பார்ப்பதுதான் அவர் தொழில். சொந்தக் கட்டிலில் அந்த ஒழுங்கு அவருக்குத் தலைகீழாகிவிட்டது.

"கால் உங்களுக்கு வலிக்குமா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள்.

"வெட்டுற இடத்துல வேலை பாக்குற எல்லாருக்கும் வலிக்கும்," என்றாள் நேர்கோடு.

அந்த ஒரு பதில்தான் இத்தனை நாளாக நோயைக் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தது. நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் கூடத்தில் கால்வலி என்பது ஒரு செய்தியே அல்ல. சாயங்காலம் ஆளாளுக்குக் கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டுதான் பேருந்து ஏறுவார்கள். அதனால் தன் காலில் நடப்பதை அவள் வலி என்ற பொதுப் பெட்டியில் போட்டு மூடிவிட்டாள். எலும்புக்குள் சோடா பொங்குவதுபோல் ஒரு நமநமப்பு. அசைத்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு. பேருந்தில் இடம் இருந்தாலும் உட்காரமாட்டாள். இரவு எல்லோரும் தொலைக்காட்சி பார்க்கையில் அவள் மட்டும் நின்றபடி துணிகளை இஸ்திரி போடுவாள். "எங்க அண்ணி ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டாங்க, அப்படி ஒரு சுறுசுறுப்பு" என்று நாத்தனாரே சொந்தக்காரர்களிடம் பெருமை பேசியிருக்கிறாள். பாராட்டாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கே அது தன் குணம் என்று ஆகிவிட்டது.

டாக்டரின் அறைக்கு வெளியே நாற்காலிகள் காலியாக இருந்தன. அவள் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள். டாக்டரம்மா கதவைத் திறந்தபோது அதைப் பார்த்தார்.

"எப்பவும் இப்படித்தானா, இல்ல என்னப் பார்க்கப் பயமா?"

"கால் ஒரு மாதிரி இருக்கு டாக்டர். நின்னே வேலை பாக்குறோம்ல."

"நின்னு வேலை பாக்குற கால் உட்கார்ந்தா சந்தோஷப்படணுமே. உங்களுக்கு உட்கார்ந்தா குறையுதா?"

நேர்கோடு யோசித்தாள். "இல்ல. உட்கார்ந்தாதான் ஆரம்பிக்குது. நடந்தா நிக்குது."

"காலைல?"

"தெரியறதில்ல. பொழுது சாய்ஞ்சாதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்விகளாக அடுக்கினார். உறக்கத்தில் உதைப்பதை யாராவது பார்த்தார்களா? மாதவிலக்கின்போது இரத்தப்போக்கு எப்படி? நேர்கோடு கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, இரண்டு வருடமாக அதிகம் என்றாள். தூங்குவதற்கு ஏதாவது மாத்திரை? சளி மாத்திரையைச் சொன்னதும் டாக்டர் தலையை ஆட்டினார்.

"அத முதல்ல நிறுத்துங்க. தூக்கம் வர வைக்கிற சளி மாத்திரைங்க பலபேருக்கு இந்தக் கால் தொல்லைய அதிகமாக்கும். உங்கள சீக்கிரம் தூங்க வச்சுட்டு, காலக் கிளப்பி விட்டுரும்."

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, நேர்கோடு தொழிற்சாலையில் எடுத்த பழைய முடிவையும் நீட்டினாள். "அதுல ரத்தம் நல்லா இருக்குன்னு சொன்னாங்களே டாக்டர்."

"இப்பவும் அது பரவாயில்ல. நீங்க வெட்டுற இடத்துல துணிய எங்க வைப்பீங்க?"

"மேசையில விரிச்சிருப்போம். மிச்சம் குடோன்ல ரோலா இருக்கும்."

"மேசையில துணி இருக்குன்னா குடோன் நிறைஞ்சிருக்குன்னு அர்த்தமா?"

"அர்த்தமில்ல. கடைசி ரோலா கூட இருக்கலாம்."

"அதேதான். அவங்க பார்த்தது மேசை. ரத்தத்துல ஓடுற இரும்பு. நான் பார்த்தது குடோன், உடம்பு சேத்து வைக்கிற இரும்பு. ஃபெரிட்டின்னு பேரு. அது கிட்டத்தட்டக் காலி. மூளையில கால் அசைவ அடக்கி வைக்கிற இடத்துக்கு இரும்பு வேணும். குடோன் காலியானா முதல்ல அங்கதான் தட்டுப்பாடு. பொழுது சாய்ஞ்சா அந்தத் தட்டுப்பாடு இன்னும் கூடும். அதான் ராத்திரி கால் ஆடுது."

நேர்கோட்டுக்கு அது சட்டென்று பிடிபட்டது. அடுத்த கேள்வியை அவளே கேட்டாள். "மாசா மாசம் ரத்தத்தோட போறது தெரியுது. வர்றது ஏன் வரல? நல்லாத்தான சாப்பிடுறேன்."

"சாப்பாட்டோட என்ன குடிக்கிறீங்க?"

ஃபிளாஸ்க் அவள் பையிலேயே இருந்தது. தேநீரில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கும் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே விடாது. தூக்கம் கெட்டதால் தேநீர். தேநீரால் இரும்பு சேரவில்லை. இரும்பு இல்லாததால் கால். காலால் தூக்கம் கெட்டது. போதாததற்கு, பிற்பகலில் குடித்த கடைசித் தம்ளர் இரவு வரை உடம்பிலேயே சுற்றும். அவளுக்கு அந்த எஃகுப் பட்டை நினைவுக்கு வந்தது. எங்கே தொடங்குகிறது என்று காட்ட முடியாத வளையம்.

தேநீர் வேண்டுமானால் சாப்பாட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, காலையில் மட்டும் என்றார் டாக்டர். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு. அளவு மீறினால் இரும்பும் கெடுதல், அதனால் பரிசோதனை இல்லாமல் யாருக்கும் சிபாரிசு பண்ணக் கூடாது. இரத்தப்போக்குக்குப் பெண்கள் மருத்துவரிடம் போக வேண்டும். படுக்கும் முன் கெண்டைக்காலை இழுத்து நீட்டி, வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம்.

"எப்ப சரியாகும்?"

"குடோன் ஒரே நாள்ல நிறையாது. சில வாரம், சில மாசம் கூட ஆகும். அதுவும் போதலேன்னா வேற மருந்து இருக்கு. அதுவரைக்கும் அந்தக் கத்திகிட்ட கவனமா இருங்க."

கவனம் என்பதுதான் அவளிடம் இல்லாத ஒன்று. சளி மாத்திரையையும் நிறுத்தி, பிற்பகல் தேநீரையும் நிறுத்திய முதல் வாரம் படு மோசம். இரவில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்தாள். மதியத்தில் தலை மேசையை நோக்கிச் சாய்ந்தது. அந்த வாரம்தான் பெரிய ஆர்டர் ஒன்று வந்து சேர்ந்தது. இன்னொரு வெட்டுக்காரர் விடுப்பில் இருந்தார்.

"சாயந்தரத்துக்குள்ள கழுத்துப்பட்டி பூரா முடியணும்," என்றார் மாஸ்டர்.

அவள் கையுறையை மாட்டி முதல் கட்டைத் தள்ளினாள். இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவதில் வளைவு நெருங்கும்போது கோடு இரண்டாகத் தெரிந்து, மறுபடி ஒன்றானது. யாரும் பார்க்கவில்லை. வெட்டு இன்னும் கோட்டின் மேல்தான் இருந்தது. சொன்னால் மேசை போகும். சொல்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிவிடலாம். கையுறையில் தேய்ந்திருந்த வளையம் விளக்கில் மின்னியது.

விசையை அணைத்தாள். பேண்ட் நைஃப் அணைத்தவுடன் நின்றுவிடாது. சக்கரங்கள் ஓடி ஓடித்தான் ஓயும். அது முழுதாக நிற்கும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மாஸ்டரிடம் போனாள்.

"இன்னைக்கு என்னால முடியாது மாஸ்டர். தூக்கம் வருது. ஒரு நோவு இருக்கு, மருந்து சாப்பிடுறேன், குணமாக நாளாகும். அதுவரைக்கும் மத்தியானத்துக்கு மேல நான் கத்திகிட்ட நிக்கக் கூடாது."

மாஸ்டர் கழுத்துப்பட்டிக் குவியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இன்னைக்கா சொல்லுவ?"

"இன்னைக்குத்தான் கை இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, துணி விரிக்கும் மேசைப் பக்கம் திரும்பி, "ஏய் வானொலி, இங்க வா. கையுறையப் போடு. நான் பக்கத்துல நிக்குறேன்," என்றார்.

"நானா?" என்ற வானொலி, வாழ்க்கையில் முதல்முறையாக அதற்குமேல் பேசவில்லை.

அந்தப் பிற்பகல் முழுவதும் நேர்கோடு துணி விரித்தாள். மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ரோலை இழுத்துக்கொண்டு நடப்பது, திரும்புவது, மறுபடி நடப்பது. காலுக்கு இதமாக இருந்தது. மனதுக்கு இல்லை. தன் இடத்தில் வேறொருத்தி நிற்பதை, மாஸ்டர் அவளுக்கு முழங்கையைப் பிடித்துச் சொல்லித் தருவதை, ஒவ்வொரு நடையிலும் பார்த்தாள். வானொலி கோட்டைத் தொட்டுக்கொண்டே வெட்டினாள். மோசமில்லை. மோசமாக இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்து, அப்படி நினைத்ததற்காக ரோலைச் சற்று வேகமாக இழுத்தாள்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் வானொலி பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, அந்த மாத்திரை நான்தான் சொன்னேன்."

"உங்க மாமாவுக்குப் பொண்ணு கெடச்சுதுல்ல, விடு."

"உங்க மேசை எனக்கு வேணாம்."

"வேணாம்னு பொய் சொல்லாத. வளைவுல இடது கைய இன்னும் கொஞ்சம் பின்னால வை."

மறுநாள் காலை மாஸ்டர் அவளை மேசையருகே நிறுத்தினார். "காலைல நீ. சாப்பாட்டுக்கு அப்புறம் அவ. ஆனா தினம் வந்ததும் என்கிட்ட சொல்லணும், ராத்திரி எப்படின்னு. மோசம்னா காலையிலயும் கிடையாது. என்கிட்ட பொய் சொல்லலாம். கத்திகிட்ட சொல்ல முடியாது."

அப்படித்தான் நாட்கள் போயின. "நேத்து எப்படி?" என்பார். "மோசம் மாஸ்டர்." போய்த் துணி விரிப்பாள். "நேத்து?" "ரெண்டு தடவை." யோசித்துவிட்டு, சரி, என்பார். பொய் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்த காலைகள் இருந்தன. வெட்ட வேண்டியது நுணுக்கமான வளைவாக இருக்கும் நாட்களில்தான் அந்த ஆசை அதிகம். வீட்டில் நாத்தனார் தன் காலுக்கும் அண்ணி காலுக்கும் நடுவில் தலையணை அடுக்கி எல்லைக்கோடு போட்டிருந்தாள். மருந்துக்கு வயிறு கொஞ்சம் முரண்டு பிடித்தது, டாக்டர் அதை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றினார். எதுவும் ஒரேயடியாக மாறிவிடவில்லை. இரண்டு நல்ல இரவு, ஒரு கெட்ட இரவு, மறுபடி ஒரு நல்ல இரவு.

பிறகு ஒரு காலையில் மாஸ்டர் வழக்கம்போல் கேட்டார்.

"நேத்து எத்தனை தடவை எழுந்த?"

நேர்கோடு வாயைத் திறந்தாள். படுத்தது ஞாபகம் இருந்தது. கெண்டைக்காலை இழுத்து நீட்டியது ஞாபகம் இருந்தது. பிறகு அலாரம். நடுவில் தேடிப் பார்த்தாள், எதுவும் கையில் சிக்கவில்லை.

"தெரியல மாஸ்டர்," என்றாள்.

மாஸ்டர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து அவளுக்கு வழிவிட்டார்.